நடுவில் ஏழு எழுத்துகள்

“மூணு வாரமா கேக்கேன் மேடம். இதுக்கு ஒரு பேர் வைக்கணும். சரின்னும் சொல்ல மாட்டேங்கீங்க, வேண்டாம்னும் சொல்ல மாட்டேங்கீங்க.”

இன்னாசிமுத்து எழுத்துகள் நிறைந்த ஒரு காகிதத்தை மேசைமேல் வைத்தார். அதன் பக்கத்தில் இன்னொரு தாளையும் வைத்தார். ஆய்வேட்டின் முன்பக்கத்தில் சேர்க்க வேண்டிய சான்றிதழ் அது. கீழே, வழிகாட்டி கையெழுத்துப் போடும் இடம் காலியாக இருந்தது.

அவருடைய வழிகாட்டி ஜுலைஹா இரண்டையும் பார்த்தார். எதையும் தொடவில்லை.

ஒன்றை இப்போதே சொல்லிவிட வேண்டும். இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்தெட்டு. சீடருக்கு ஐம்பத்தொன்று.

இருபத்துநாலு வருஷம் பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்திவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, கடலோர ஆய்வு நிலையத்துக்கு மாணவராக வந்து சேர்ந்தவர் இன்னாசிமுத்து. அந்த வயதில் ஊரில் மற்றவர்கள் சர்க்கரைக்கு மாத்திரை தேடுவார்கள். இவர் கடல்புல்லின் வேரடிச் சேற்றில் பாக்டீரியா தேடினார்.

அவர் குருவை “மேடம்” என்பார். குரு சீடரை “சார்” என்பார். நிலையத்தில் இதைக் கேட்டுச் சிரிக்காதவர் கிடையாது.

பாக்டீரியாவுக்கு முகம் கிடையாது. மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் எல்லாம் குச்சி, இல்லாவிட்டால் உருண்டை. எந்தக் குச்சி எந்த வீட்டுப் பிள்ளை என்று கண்ணால் சொல்ல முடியாது.

ஆனால் ஒவ்வொன்றுக்கும் உள்ளே ரைபோசோம் என்று ஒரு பட்டறை உண்டு. புரதம் செய்கிற பட்டறை. அந்தப் பட்டறையின் ஓர் உறுப்புக்கான எழுத்துத் தொடரை பாக்டீரியா தலைமுறை தலைமுறையாகப் படியெடுத்துக்கொண்டே வரும். ஏ, டி, ஜி, சி என்று நாலே எழுத்து. மொத்தம் ஆயிரத்து நானூறு சொச்சம். கோடிக்கணக்கான வருஷத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக மாறும். இரண்டு பாக்டீரியாவின் தொடரை அருகருகே வைத்தால், எவ்வளவு ஒத்துப்போகிறதோ அவ்வளவு நெருங்கிய உறவு.

நூற்றுக்கு 98.7-க்குக் கீழே ஒத்துப்போனால் புது இனமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார்கள்.

இன்னாசிமுத்து கொண்டுவந்தது தொண்ணூற்று மூன்று. இனம் மட்டுமில்லை, பேரினமே புதுசு போலத் தெரிந்தது.

அவர் தம் ஊர்ப் பெயரையே அதற்கு வைக்க நினைத்தார். அதை மனைவி பிலோமினாவிடம் சொன்னார். பிலோமினா கோயிலில் பக்கத்தில் இருந்தவரிடம் ரகசியமாகச் சொன்னார். ரகசியம் என்று சொன்னால் எந்தச் செய்திக்கும் கால் முளைத்துவிடும். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிவில் சாமியார் அறிவித்தார். செவ்வாய்க்கிழமை நாற்சந்தியில் ஃபிளெக்ஸ் ஏறிவிட்டது.

‘கடலில் புதுக் கிருமி கண்ட எங்கள் ஆசானே!’

கை கூப்பியபடி இன்னாசிமுத்து. கிருமியின் படம் கிடைக்காததால் பக்கத்தில் ஒரு டால்ஃபின்.

“சார்” என்றார் ஜுலைஹா.

“சொல்லுங்க மேடம்.”

ஜுலைஹா பேர் எதுவும் சொல்லவில்லை. எழுத்துகள் நிறைந்த காகிதத்தை எடுத்தார். மேலும் கீழும் சேரும்படி நடுவில் மடித்தார். நகத்தால் மடிப்பை அழுத்தினார். பிறகு அந்த மடிப்போடு கிழித்தார்.

“ஐயோ மேடம்!”

“இதைத் தனியாத் தேடுங்க. இதையும் தனியாத் தேடுங்க.”

இன்னாசிமுத்துவின் கையில் இரண்டு அரைத்தாள்கள் இருந்தன.

உலகத்தில் இதுவரை வாசித்த பாக்டீரியாக்களின் எழுத்தையெல்லாம் சேர்த்துவைத்த களஞ்சியம் ஒன்று இணையத்தில் உண்டு. எழுத்தைக் கொடுத்தால் சொந்தக்காரரைக் காட்டும். இன்னாசிமுத்து கோபத்தோடுதான் போய் உட்கார்ந்தார். மேல் பாதியைக் கொடுத்தார்.

விப்ரியோ. நூற்றுக்கு நூறு. இறால் பண்ணைக்காரர்கள் தினமும் திட்டுகிற, பழைய, பழகிய விப்ரியோ.

கீழ்ப் பாதியைக் கொடுத்தார்.

மரினோபாக்டர். நூற்றுக்கு நூறு. துறைமுகத்தில் எண்ணெய் மிதக்கும் இடத்திலெல்லாம் இருப்பது.

இன்னாசிமுத்து எழுந்திருக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார். திரையில் அதே இரண்டு பெயர்கள்தான் இருந்தன.

திரும்பி வந்தபோது ஜுலைஹா தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

“ரெண்டும் பழைய ஆளுங்க மேடம்.”

“ம்.”

“ஆட்டுத் தலையை மாட்டு உடம்புல ஒட்டியிருக்கேன்.”

“எப்படி ஒட்டுச்சு?”

அவருக்கு அப்போதுதான் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. எழுத்தை வாசிக்கும் எந்திரம் ஆயிரத்து நானூறையும் ஒரே மூச்சில் வாசிக்காது. தலையிலிருந்து ஒரு வாசிப்பு, வாலிலிருந்து ஒரு வாசிப்பு. நடுவில் இருநூறு எழுத்து இரண்டிலும் வரும். அந்த இருநூற்றை ஒன்றன்மேல் ஒன்று பொருத்திச் சேர்க்க வேண்டும்.

தலை வாசிப்பு மார்ச்சில் வந்தது. வால் வாசிப்பு சரியாக வரவில்லை. ஜூனில், குளிர்பெட்டியில் கிருமி வளர்த்துவைத்திருந்த பழைய பிளேட்டிலிருந்து அதை மறுபடி வளர்த்து அனுப்பினார். அந்தப் பிளேட்டில் வேறொன்று முளைத்து முதலில் இருந்ததை மூடியிருந்தது. அது அவர் கண்ணில் படவில்லை. பட விடவில்லை என்பதுதான் சரி.

“மார்ச்சு வேற, ஜூனு வேற மேடம். நான் ரெண்டையும் சேத்துட்டேன்.”

“சேரும்போது நடுவுல சண்டை வந்திருக்குமே?”

இன்னாசிமுத்து தலை குனிந்தார்.

“வந்துச்சு.”

“எத்தனை எடத்துல?”

“ஏழு எடத்துல. தலை வாசிப்பு ஒரு எழுத்து சொல்லுது, வால் வாசிப்பு வேற எழுத்து சொல்லுது.”

“யாரு தீர்ப்பு சொன்னது?”

“நான்தான்.”

“எப்படி?”

“எந்திரம் தப்பா வாசிச்சிருக்கும்னு நினைச்சேன். எனக்குச் சரின்னு பட்டதைக் கையால மாத்திப் போட்டேன்.”

ஜுலைஹா கோப்பையைக் கீழே வைத்தார்.

பள்ளிக்கூடத்தில் பரீட்சைத் தாளில் ஒரு எழுத்தைத் திருத்திய பையனை இன்னாசிமுத்து எத்தனை முறை பெஞ்சில் ஏற்றியிருப்பார்! ஏழு எழுத்து வாய்விட்டுக் கத்தியிருக்கிறது. ஏழையும் வாயைப் பொத்தியிருக்கிறார். வெட்கம் காதுவரைக்கும் சுட்டது. வெட்கத்தின் பின்னாலேயே கோபமும் வந்தது.

“உங்களுக்கு அன்னைக்கே தெரிஞ்சிருக்கு. மூணு வாரம் முந்தியே சொல்லியிருக்கலாமே மேடம்?”

“நீங்க பேரைத்தானே சார் கேட்டீங்க.”



சான்றிதழ்த் தாள் அப்படியே காலியாக இன்னாசிமுத்துவிடம் திரும்பி வந்தது.

“ஆய்வுப் பதிவு முடிய இன்னும் பதினோரு மாசம்தான் இருக்கு. அதுக்குள்ள ஆய்வேட்டைக் கொடுக்கலைன்னா அஞ்சு வருஷமும் போச்சு. இந்த வயசுல இன்னொரு தடவை சேர முடியாது. முடியுமா மேடம்?”

ஜுலைஹா எழுந்தார். உறைபெட்டியைத் திறந்து அடித்தட்டிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தார். மேலெல்லாம் பனி பூத்திருந்தது. அதைக் கொண்டுவந்து இன்னாசிமுத்துவின் இரண்டு கையிலும் வைத்தார்.

அவர் சேற்றிலிருந்து பிரித்த மற்ற அறுபத்தொரு பாக்டீரியாக்கள். புதுக் கிருமி கிடைத்த சந்தோஷத்தில், மிச்சமெல்லாம் சாதாரணம் என்று மூடிவைத்தவை.

கை மரத்துப்போனது. “மேடம்?”

“உருகிரும் சார். சீக்கிரம்.”

மறுநாள் காலை பத்து மணிக்கு, தெரு முழுக்க நடமாட்டம் இருக்கும்போது, இன்னாசிமுத்து நாற்சந்தியில் ஏணியைச் சாத்தினார். இருட்டின பிறகு ஆளை வைத்து இறக்கிவிடலாம் என்று பிலோமினா சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை. வெளிச்சத்தில் ஏற்றியதை வெளிச்சத்தில்தான் இறக்குவேன் என்று நின்றார்.

டீக்கடை ஜெரோம் ஓடிவந்து ஏணியைப் பிடித்துக்கொண்டான். அவரிடம் ஒன்பதாம் வகுப்பு படித்தவன். இப்போது அவனுக்கே தலை நரைத்துவிட்டது.

“சாரே, என்ன இறக்குதீங்க? கிருமி செத்துப்போச்சா?”

“இல்லடே. அது பொறக்கவே இல்ல.”

“அப்ப பேப்பர்ல வராதா?”

“வராது. நான் தப்பாப் பாத்துட்டேன்.”

கூட்டம் சேர்ந்தது. யாரோ சிரித்தார்கள். வேறு யாரோ “உஸ்” என்றார்கள். இன்னாசிமுத்து நாலு மூலைக் கயிற்றையும் நிதானமாக அவிழ்த்தார். டால்ஃபினை உள்பக்கமாக வைத்துச் சுருட்டினார்.  கடைசிப் படிவரைக்கும் அவர்தான் இறங்கினார், யாரும் தாங்கிப் பிடிக்கவில்லை.

கீழே வந்ததும் ஜெரோம் கேட்டான். “இனி என்ன சார் பண்ணப் போறீங்க?”

“அறுபத்தொண்ணு இருக்குடே” என்றார். சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க நடந்தார்.

பாக்டீரியாவைத் தனியாகப் பிரிப்பதற்கு ஒரு வழி உண்டு. தட்டில் ஊற்றி உறையவைத்த அகார் என்ற கூழின்மேல், கம்பி வளையத்தால் கோடு கோடாக இழுப்பார்கள். ஸ்ட்ரீக் என்று பெயர். இழுக்க இழுக்கக் கூட்டம் குறைந்து, கடைசிக் கோட்டில் ஒற்றை ஒற்றையாக முளைக்கும். அந்த ஒன்றை எடுத்து, இன்னொரு பிளேட்டில் மறுபடி இழுக்க வேண்டும்.

“புத்தகத்துல மூணு தடவைன்னு போட்டிருக்கு மேடம். மூணு போதுமா?”

“புத்தகம் உங்க பிளேட்டைப் பாத்துச்சா?”

இன்னாசிமுத்து ஐந்து தடவை இழுத்தார். அறுபத்தொன்றையும் ஐந்து தடவை. ஒவ்வொரு மூடியிலும் நாளும் எண்ணும் எழுதினார். தலை வாசிப்பையும் வால் வாசிப்பையும் ஒரே குழாயிலிருந்து, ஒரே நாளில் அனுப்பினார். சண்டை வந்த இடத்தில் கைவைக்கவில்லை. திரும்ப வாசிக்க அனுப்பினார். அது மறுபடி சண்டை போட்டால் மறுபடியும் அனுப்பினார்.

நிலையத்தில் சின்ன வயதுக்காரர்கள் அவரைப் பார்த்துக் கிண்டலடித்தார்கள். சேற்றில் ஊறின எருமை மாதிரி இந்த மனுஷன் எழுந்திருக்க மாட்டார் என்றார்கள். அவர் எழுந்திருக்கவில்லைதான்.

மழைக்காலம் வந்தது. மின்சாரம் போய் எட்டு பிளேட் வீணானது. எட்டையும் முதலிலிருந்து தொடங்கினார்.

ஒவ்வொரு முடிவாக வந்தது. பழைய பெயர். பழைய பெயர். அதுவும் பழைய பெயர்.

பத்தாவதுக்குத் திரையை அணைத்தார். இருபதாவதுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முப்பதைத் தாண்டியபோது என்ன ஆயிற்றென்று தெரியவில்லை, ஒரு பழைய பெயர் வந்தால், “அட, நீயா? நீயும் இங்கதான் இருக்கியா?” என்று திரையைப் பார்த்துக் கேட்கத் தொடங்கினார். வேரடியில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்ற கணக்கு ஒரு தெருவைப்போல அவருக்குத் தெரிய ஆரம்பித்தது.

ஐம்பத்தெட்டு பழைய ஆட்கள். இரண்டு உறைபெட்டியிலிருந்து உயிரோடு வரவே இல்லை. மிச்சம் ஒன்று. நாற்பத்துமூன்றாம் எண்.

அதன் முடிவு, பதிவு முடிய ஐந்து வாரம் இருக்கும்போது வந்தது.

ஆயிரத்து நானூறு எழுத்து. மிக நெருங்கிய சொந்தத்தோடு ஒப்பிட்டால் பதினெட்டு இடத்தில் மாறியிருந்தது. பத்தொன்பதாவதாக ஓர் இடம். எந்திரம் ஒவ்வொரு எழுத்தையும் ஒரு மேடாக வரைந்து காட்டும்; அங்கே இரண்டு எழுத்தின் மேட்டைச் சம உயரத்தில் காட்டியது. ஏ ஒன்று. ஜி ஒன்று.

ஏ என்றால் சொந்தக்காரரோடு ஒத்துப்போகிறது. மாற்றம் பதினெட்டோடு நிற்கும். 98.7-க்கு ஒரு மயிரிழை மேலே. பழைய இனம்.

ஜி என்றால் பத்தொன்பது. ஒரு மயிரிழை கீழே. புது இனம்.

வீட்டில் பிலோமினா சோறு போட்டுக்கொண்டே கேட்டார். “ஒரு எழுத்துதானே? ஜியைப் போட்டா என்னங்க? அவுங்க வந்து எண்ணிப் பாக்கவா போறாங்க?”

இன்னாசிமுத்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். மனசு ஜி ஜி என்று அடித்துக்கொண்டது. பொய் சொல்வானேன், அவருக்கு அது அவ்வளவு வேண்டியிருந்தது. தெருவில் தலை நிமிர்ந்து நடக்க வேண்டியிருந்தது.

கை கழுவிவிட்டு நிலையத்துக்குத் திரும்பிப் போனார். நாற்பத்துமூன்றை மறுபடி இழுத்தார். தனித்தனியாக முளைத்த பத்தை எடுத்து, பத்தையும் தனித்தனியாக வாசிக்க அனுப்பினார்.

பதிவு முடிய நாலு நாள் இருக்கும்போது ஜுலைஹாவின் அறைக்கு வந்தார். ஆய்வேட்டை மேசைமேல் வைத்தார். மேலே சான்றிதழ்.

ஜுலைஹா சான்றிதழை ஓரமாக நகர்த்திவிட்டு, நேராக நாற்பத்துமூன்றாம் எண்ணின் பக்கத்தைத் திறந்தார். விரல் எழுத்துகளின்மேல் மெல்ல ஊர்ந்தது. ஓர் இடத்தில் நின்றது.

“இந்த எடத்துல என்ன எழுத்து சார்?”

“ரெண்டும் மேடம். ஏயும் ஜியும்.”

“கலப்படமா?”

“கலப்படம்னா நிறைய எடத்துல ரெட்டை வரணும். இது ஒரே எடத்துலதான் வருது. பத்தைத் தனித்தனியா வாசிச்சேன். பத்துலயும் இதே எடம், இதே ரெண்டு எழுத்து, இதே உயரம்.”

“அப்ப?”

“அதுக்குள்ளேயே அந்தத் தொடர் ஒண்ணுக்கு மேல இருக்கணும். ஒரு படியில ஏ, இன்னொரு படியில ஜி. எந்திரம் சரியாத்தான் வாசிச்சிருக்கு. அதுகிட்ட இருக்கிறதே அப்படித்தான்னு நினைக்கேன்.”

ஜுலைஹா நாற்காலியில் சாய்ந்தார்.

“ஜின்னு போட்டா புதுசு. ஏ-ன்னு போட்டா பழசு. தேர்வாளர் ரெண்டுல ஒண்ணுதான் கேப்பாங்க.”

“தெரியும் மேடம்.”

“ரெண்டும்னு எழுதினா, எழுதத் தெரியாம எழுதியிருக்காருன்னு திருப்பி அனுப்பினாலும் அனுப்புவாங்க.”

“அனுப்பட்டும்.”

“உங்களுக்கு நாலு நாள்தான் இருக்கு.”

“தெரியும்.”

வெளியே படகு ஒன்றை மணலில் இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஜுலைஹா சன்னல் பக்கம் பார்க்கவில்லை. சீடரையே பார்த்தார்.

“சரி, நான்தான் தேர்வாளர். சொல்லுங்க சார். இது புது இனமா, பழைய இனமா?”

இன்னாசிமுத்து ஆய்வேட்டைப் பார்க்காமலே சொன்னார்.  

“தெரியாதுன்னு சொல்வேன் மேடம். ஆனா எந்த எடத்துல தெரியாதுங்கிறதை விரலை வச்சுக் காட்டுவேன்.”

ஜுலைஹா சான்றிதழைத் தன் பக்கம் இழுத்து, பேனாவின் மூடியைக் கழற்றினார்.